சேப்பாக்கத்து மணிக்கூண்டின் கீழே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் 33 வருடம் வேலை பார்த்த அனுபவத்தைப் பற்றிச் சென்ற இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் அனுப்பிய கடிதங்களை ஆசிரியர் குழு ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தனுப்பியது. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இங்கே இடம் போதாது. பலரும் கேட்ட சில கேள்விகளையும், படித்தவுடன் என்னை எழுந்து போய்ப் பழைய குறிப்பேடுகளைத் தேட வைத்த சில கேள்விகளையும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: 'வெள்ளைக்காரன் தனக்குக் குமாஸ்தா வேண்டும் என்பதற்காகப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினான்' என்றுதான் என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அது சரிதானா அம்மா?
– பள்ளி ஆசிரியை, விழுப்புரம்

பாதி சரி டீச்சர். மீதிப் பாதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1839ஆம் வருடம் நவம்பர் 11ஆம் தேதியிட்ட ஒரு மனு இருக்கிறது. உயர்கல்விக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று சென்னை மாகாணத்து மக்கள் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவுக்குக் கொடுத்த மனு. அதில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏறத்தாழ 70,000 பேர். அப்போது அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் அதை முன்னின்று கொண்டுபோனார். ரயில் கிடையாது, தந்தி கிடையாது. தெருத்தெருவாக, கடை கடையாகக் காகிதத்தை எடுத்துக்கொண்டு யாரோ நடந்திருக்கிறார்கள். அந்தக் கையெழுத்துகளைப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் எந்தக் கல்லூரிக்குள்ளும் போயிருக்க மாட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்டார்கள்.

அடுத்த வருடமே நார்ட்டன் தலைமையில் ஒரு பல்கலைக்கழக வாரியம் அமைந்தது. 1841இல் எழும்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். அதுதான் வளர்ந்து மாநிலக் கல்லூரி ஆனது. பல்கலைக்கழகம் வருவதற்கு மட்டும் மேலும் 16 வருடம் பிடித்தது. 1854இல் லண்டனிலிருந்து சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. 1857 ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பர் 5இல் சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே வருடத்தில் சட்டம் இயற்றினார்கள். வடக்கே கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த அதே வருடம்.

குமாஸ்தா வேண்டும் என்ற கணக்கு ஆட்சியாளர்களுக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அவர்களாக மனம் வைத்துக் கொடுப்பதற்கு 18 வருடம் முன்பே நம்மவர்கள் கேட்டுவிட்டார்கள். இந்தப் பல்கலைக்கழகம் கேட்டு வாங்கியது. இதை நான் எப்போதும் சற்று அழுத்தியே சொல்வேன்.

இன்னொன்று. தொடங்கியபோது அதற்கு வகுப்பறையும் கிடையாது, பேராசிரியரும் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. பாடம் சொல்லிக்கொடுப்பது கல்லூரிகளின் பொறுப்பு. 1904இல் வந்த பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் தானே கற்பிக்கவும் ஆராயவும் வழி பிறந்தது.

கேள்வி: சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வோம். இந்தியாவில் அதை நினைவு வைத்திருக்கிறார்களா?
– கனடாவிலிருந்து ஒரு வாசகர், சொந்த ஊர் வட்டுக்கோட்டை

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது ஐயா. அந்த இருவரும் உங்கள் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள்தானே. ஒருவர் கறோல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

நினைவு வைத்திருக்கிறார்களா என்றால், தமிழ் படித்தவர்கள் நிச்சயமாக வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் உங்கள் கடிதத்தை இங்கே எடுத்துக்கொண்டேன்.

முதல் பி.ஏ. என்றால் அந்தக் காலத்தில் எந்த வேலையும் தேடி வந்திருக்கும். தாமோதரம் பிள்ளையும் ஆசிரியர் வேலை, அரசாங்க வேலை எல்லாம் பார்த்தார், சட்டமும் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது ஓலைச்சுவடியால். வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், சூளாமணி என்று ஒவ்வொன்றாகச் சுவடி தேடி, ஒப்பிட்டு, அச்சில் ஏற்றினார். 1887இல் கலித்தொகை. அந்த வருடம்தான் உ. வே. சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பும் வந்தது.

சுவடிகள் இருந்த நிலையை அவர் பதிப்புரையில் விவரித்திருப்பார். எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் ஒடிகிறது, புரட்டினால் துண்டாகிப் பறக்கிறது என்ற பொருளில் வரும். நான் எம்.ஏ. படித்தபோது அதை ஒரு உரைநடை அழகாகத்தான் படித்தேன். நூலகத்தில் சேர்ந்து, ஒரு பழைய புத்தகத்தை அலமாரியிலிருந்து இழுத்தபோது அதன் முதுகுத்தோல் மட்டும் என் கையோடு வந்துவிட்டது. புத்தகம் அங்கேயே இருந்தது. அன்றைக்குத்தான் அந்த வரிகள் எனக்குப் புரிந்தன. ராமபாணப் பூச்சி துளைத்த காகிதத்தை எதிரே வெளிச்சம் வைத்துப் பார்த்தால் சல்லடை மாதிரி இருக்கும். காகிதத்துக்கே இந்தக் கதி என்றால், முன்னூறு நானூறு வருடத்து ஓலையை நினைத்துப் பாருங்கள்.

பல்கலைக்கழகம் கொடுத்த முதல் பட்டத்தை வாங்கியவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் அன்று இடமே இல்லாத நூல்களைக் கொண்டுவந்து தந்தார். நூறு வருடமாக நம் தமிழ் எம்.ஏ. மாணவர்கள் அவற்றைப் படித்துத்தான் தேறுகிறார்கள்.

கேள்வி: என் தாத்தா தன் பெயருக்குப் பின்னால் 'எஃப்.ஏ. பெயில்' என்று போட்டுக்கொள்வாராம். அது என்ன படிப்பு? பெயிலானதை எதற்கு எழுதிக்கொள்ள வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

சிரிக்கிற விஷயமே இல்லை அம்மா. உங்கள் தாத்தா காரணத்தோடுதான் போட்டிருக்கிறார்.

அன்றைய படிக்கட்டு இப்படி. முதலில் மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகத்துக்குள் நுழைய ஒரு தேர்வு. அதில் தேறினால் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு. அதன் முடிவில் 'ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்' தேர்வு, அதாவது எஃப்.ஏ. அதன் பிறகு இன்னும் இரண்டு வருடம் படித்தால் பி.ஏ. ஆக, 'எஃப்.ஏ. பெயில்' என்றால் மெட்ரிகுலேஷன் பாஸ், கல்லூரியில் கால் வைத்தவர் என்று அர்த்தம். ஒரு தாலுகாவில் அப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தகுதிக்கு வேலை கிடைத்தது, மரியாதையும் கிடைத்தது. அப்புறம் எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. 1950களில் அது போய், பட்டப்படிப்புக்கு முந்தைய படிப்பாக பி.யு.சி. வந்தது. நானே பி.யு.சி. படித்தவள். 1978இல் பிளஸ் டூ வந்ததும் அதுவும் முடிந்தது.

உங்கள் ஊரிலேயே எஃப்.ஏ. பெயிலான ஒருவரை உலகமே அறியும். ஸ்ரீநிவாச ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதியும் தேறவில்லை. கடைசிவரை அவரால் எஃப்.ஏ.வைத் தாண்ட முடியவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் வேறு. 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியின் கடிதம் வந்த பிறகு, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கலாம் என்று கணிதப் பாடக் குழு பரிந்துரை செய்தது. ஆனால் விதிப்படி அதற்கு எம்.ஏ. வேண்டும். இவரோ எஃப்.ஏ.வே தேறாதவர். 'விதி இடம் கொடுக்கவில்லை' என்று கோப்பை மூடி வைத்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவர்கள் மூடவில்லை. மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு என்று முடிவு செய்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் அறிக்கை எழுதித் தர வேண்டும். 1914 மார்ச்சில் கப்பல் ஏறும் முன் மூன்று அறிக்கை கொடுத்துவிட்டார்.

அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், விதியைக் காட்டி 'முடியாது' என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். 'முடியும்' என்று எழுதுவதற்குப் பலர் கூடி உட்கார்ந்து பொறுப்பேற்க வேண்டும். 1913இல் அப்படிச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கைகூப்பத் தோன்றும்.

கேள்வி: மெட்ரிகுலேஷன் பள்ளி என்ற பெயருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தம் உண்டா?
– பத்தாம் வகுப்பு மாணவன், ஆம்பூர்

உண்டு தம்பி. மேலே சொன்ன அந்த நுழைவுத் தேர்வின் பெயர்தான். அரசு எஸ்.எஸ்.எல்.சி. வந்த பிறகும் சில பள்ளிகள் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் மெட்ரிகுலேஷன் தேர்வையே நடத்திவந்தன. 1970களின் பிற்பகுதியில் அவற்றுக்குத் தனி வாரியம் அமைத்தார்கள். தேர்வு கைமாறியது, பெயர் தங்கிவிட்டது.

கேள்வி: எஸ். ஆர். ரங்கநாதன் வேலை பார்த்த நூலகத்தில் நீங்களும் இருந்திருக்கிறீர்கள். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்லுங்களேன். நான் நூலக அறிவியல் படிக்கிறேன்.
– மாணவி, திருச்சி

நீ இதைக் கேட்டதற்கே உனக்கு ஒரு தனிக் கடிதம் எழுதலாம் கண்ணு. நான் சேர்வதற்குப் பல வருடம் முன்பே, 1972இல் அவர் காலமாகிவிட்டார். நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் போட்ட ஒழுங்கில்தான் என் ஒவ்வொரு நாளும் ஓடியது.

சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். வந்தவருக்கு வேலை பிடிக்கவே இல்லை. தனியாக உட்கார்ந்திருப்பது சகிக்காமல், 'என்னைத் திரும்பக் கணக்கு நடத்த விடுங்கள்' என்று போய்க் கேட்டார். 'லண்டன் போய் நூலகப் படிப்பு படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பிக்கொள்ளலாம்' என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். போனவர் அங்கே நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். அங்கே மக்கள் நூலகங்களைப் பயன்படுத்துகிற விதத்தைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். 1925இல் திரும்பி வந்து, 20 வருடம் சென்னை நூலகத்திலேயே இருந்தார்.

ஒரு பொம்மைக் கடையில் மெக்கானோ பெட்டியைப் பார்த்துத்தான், புத்தகங்களை வகை பிரிக்கிற கோலன் பகுப்புமுறை அவருக்குத் தோன்றியது என்று நீ படித்திருப்பாய். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை வருகிறது. அதே மாதிரி ஒரு புத்தகத்தின் பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கொடுத்து, மறுபடி பூட்டுவது. 1933இல் அது அச்சில் வந்தது. அதற்கு முன்பே 1931இல் நூலகத்துக்கான அவருடைய ஐந்து விதிகள். அதில் முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்கு. இது என்ன பெரிய விஷயம் என்று இன்று தோன்றலாம். பூட்டின அலமாரியும், சாவி வைத்திருக்கிற ஆளும், சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற வாசகருமாக நூலகங்கள் இருந்த காலம் அது. அவர் அலமாரியைத் திறந்துவிட்டு வாசகரை உள்ளே அழைத்தார்.

சேப்பாக்கத்தில் மணிக்கூண்டோடு கடலைப் பார்த்து நிற்கிற நூலகக் கட்டடம் 1936இல் திறந்தது. தொடக்க காலத்தில் நூலகம் எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் இருந்தது.

நான் சேர்ந்தபோது கணினி கிடையாது. கார்டு கேட்டலாக்தான். தேக்கு மரப் பெட்டி, சின்னச் சின்ன இழுப்பறை, உள்ளே உள்ளங்கை அளவு அட்டைகள். அட்டையின் அடியில் ஓட்டை, அதற்குள் ஒரு பித்தளைக் கம்பி ஓடும், யாரும் அட்டையை உருவிவிடக் கூடாது என்பதற்காக. பல வருடம் பல பேர் கைபட்டு, இழுப்பறைப் பிடிகள் பொன் மாதிரி மினுங்கும். அதிகம் பேர் தேடுகிற தலைப்புகளின் அட்டைகள் மேல் விளிம்பில் கறுத்திருக்கும். யாரும் தேடாதவை வெள்ளையாகவே இருக்கும். எந்தப் புத்தகத்துக்கு வாசகர் இருக்கிறார் என்று பதிவேட்டைப் பார்க்காமலே அந்தக் கறுப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். எனக்குத் தலைகீழாகத் தெரிந்த எண் ஒன்று உண்டு. இலக்கியத்துக்கு ஆங்கில எழுத்து 'ஓ', தமிழுக்கு 31. அந்த ஓ-31 வரிசை முழுவதும் கறுப்பு.

உனக்கு ஒரு யோசனை சொல்லலாமா? கணினியில் தேடப் பழகு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏதாவது ஒரு நூலகத்தில், ஒரே ஒரு அலமாரியை எடுத்துக்கொண்டு, முதல் புத்தகத்திலிருந்து கடைசிப் புத்தகம்வரை ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திறந்து பார். எனக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர், எனக்கு முன் அந்த இருக்கையில் இருந்த ஒரு அக்கா. பயிற்சி வகுப்பில் ஒரு வருடம் படித்ததைவிட அந்த ஒரு மாதத்தில் நான் அதிகம் கற்றேன்.

கேள்வி: உங்கள் காலத்தில் வளாக வாழ்க்கை எப்படி இருந்தது? கடற்கரையிலேயே பல்கலைக்கழகம் என்றால் படிக்கத் தோன்றுமா?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

தோன்றும் தம்பி. கடல் எங்களுக்குக் கடிகாரம் மாதிரி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும்போது புழுக்கமாக இருக்கும், கண் சொக்கும். திடீரென்று கிழக்கு ஜன்னல் பக்கம் தாள்கள் படபடக்கும். கடல்காற்று வந்துவிட்டது என்று எல்லோரும் ஒருமுறை நிமிர்வார்கள். அப்புறம் சாயங்காலம்வரை படிப்பு ஓடும். காற்றில் உப்பு இருக்கும். சைக்கிள் மணி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தது மெரினா வளாகத்தில். ரா. பி. சேதுப்பிள்ளையும் மு. வரதராசனாரும் பேராசிரியர்களாக இருந்த துறை. நாங்கள் போனபோது அவர்கள் இல்லை, ஆனால் அவர்கள் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். சங்கப் பாட்டில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் ஆசிரியர் சொல்ல மாட்டார். 'லெக்சிகனைப் பார்த்துவிட்டு வா' என்பார். பல்கலைக்கழகமே வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி. 1913இல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் தொடங்கி வைத்து, 1926 முதல் ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து, 1936இல் ஆறு தொகுதியும் முடிந்தன. 1,04,405 சொற்கள். மூன்று வருடம் கழித்துப் பின்னிணைப்புத் தொகுதி ஒன்றும் வந்தது. ஒவ்வொரு தொகுதியும் செங்கல் கனம். ஒரு சொல்லைப் பார்க்கப் போய் பக்கத்துச் சொல், அதற்கடுத்த சொல் என்று படித்துக்கொண்டே நின்று, வகுப்பைத் தவற விட்டவர்கள் எங்களில் பலர்.

வெளியூர்ப் பையன்கள் திருவல்லிக்கேணி மான்ஷன்களில் தங்குவார்கள். ஒரு அறையில் நாலு பேர், ஒரு டேபிள் ஃபேன். படிக்க இடம் இல்லாததால் நூலகம் திறக்கும் முன்பே படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் தங்கியது திருவல்லிக்கேணியில் சித்தி வீட்டில். பார்த்தசாரதி கோயில் பக்கத்திலிருந்து நடந்தே வருவேன். சாயங்காலம் நூலகத்திலிருந்து கிளம்பி, தோழிகளோடு மணலில் உட்கார்ந்து, சுண்டல் பொட்டலத்தின் கூம்பைப் பிரித்து அதில் அச்சாகியிருப்பதையும் படிப்போம். பழைய விடைத்தாள் காகிதம்கூட வந்திருக்கிறது.

கிரிக்கெட் மைதானம் பக்கத்திலேயே. டெஸ்ட் மேட்ச் நாளில் வாசிப்பறையில் இருந்துகொண்டே ஸ்கோர் தெரிந்துகொள்ளலாம். பவுண்டரிக்கு ஒரு சத்தம், விக்கெட்டுக்கு ஒரு சத்தம். 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, ஆஸ்திரேலியாவோடு கடைசி நாள் ஆட்டம். சாயங்காலம் சத்தம் ஏறிக்கொண்டே போனது. வாசிப்பறையில் யாரும் பக்கத்தைப் புரட்டவில்லை, எல்லோரும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய சத்தம் எழும்பி, அப்படியே பாதியில் நின்று, குழப்பமான ஒரு இரைச்சலாக மாறியது. ஜெயித்தோமா தோற்றோமா என்று யாருக்கும் புரியவில்லை. வாலாஜா சாலைப் பக்கம் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்த உதவியாளர் மூச்சு வாங்க, 'ரெண்டும் இல்லே, சமம்' என்றார். டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றில் சமனில் முடிந்த இரண்டாவது ஆட்டம் அது. நான் வாசிப்பறையில் 'அமைதி' என்று சொல்லாமல் விட்ட நாளும் அதுதான்.

கேள்வி: அறிவியலில் சென்னைப் பல்கலைக்கழகம் சாதித்தது என்ன? ராமன், சந்திரசேகர் பெயர்களைத் தவிர்த்துச் சொல்லவும்.
– ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், நாகர்கோவில்

நோபல் பரிசு பெற்ற அந்த இருவரும் மாநிலக் கல்லூரியில் படித்துச் சென்னைப் பட்டம் வாங்கியவர்கள், பெரும் வேலையை வேறு இடங்களில் செய்தார்கள். இங்கேயே செய்த ஒருவரைச் சொல்கிறேன் ஐயா: ஜி. என். ராமச்சந்திரன்.

1952இல், முப்பது வயதில், இயற்பியல் துறையின் தலைவராக வந்தார். அப்போது துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். 1942 முதல் 1969 வரை 27 வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தவர். கிண்டி வளாகத்தில் புதிதாக அமைந்த துறை. நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. ராமச்சந்திரன் பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் போய் மாதிரி கேட்டார். அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாண்தான் நல்ல எக்ஸ்ரே படம் கொடுத்தது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் முப்புரி வடிவத்தை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு மாதிரி.

1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடம் இன்றும் 'ராமச்சந்திரன் பிளாட்'. ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எங்கே அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்பதை ஒரே சதுரத்துக்குள் காட்டுவது. உலகத்தில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அந்தச் சதுரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் மாணவர்கள் யாராவது உயிர்வேதியியல் எடுத்திருந்தால் கேட்டுப் பாருங்கள், தெரியாமல் இருக்காது. அந்தச் சதுரம் கிண்டியில் போட்டது என்று மட்டும் தெரியாமல் இருக்கும்.

கேள்வி: எனக்கு 51 வயது. கல்யாணத்தால் பி.ஏ. பாதியில் நின்றுவிட்டது. கரஸில் (அஞ்சல்வழிக் கல்வியில்) சேரலாமா என்று பார்க்கிறேன். 'இந்த வயசில எதுக்கு' என்கிறார்கள் வீட்டில்.
– இல்லத்தரசி, காஞ்சிபுரம்

சேருங்கள். தயவுசெய்து சேருங்கள்.

அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் 1981இல் தொடங்கியது. நான் வேலையில் சேர்ந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். அது வந்த பிறகு வளாகத்தில் நடமாடுகிற முகங்களே மாறிப்போயின. ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புக்குக் காக்கி உடுப்போடு வருகிறவர்கள், தாய் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்.

ஒரு பேருந்து நடத்துநரைச் சொல்கிறேன். எம்.ஏ. வரலாறு படித்தார். வார ஓய்வு நாளில் அனுமதி வாங்கிக்கொண்டு வாசிப்பறைக்கு வருவார். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றைத்தான் கேட்பார். அதன் ஆசிரியர் இதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் என்று சொன்னதும் புத்தகத்தை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டார். டிக்கெட் கட்டு தீர்ந்தால் அடியில் ஒரு மஞ்சள் அட்டை மிஞ்சும் இல்லையா, அதைத்தான் பக்க அடையாளமாக வைப்பார். மூன்று வருடம் கழித்துப் புத்தகங்களைச் சரிபார்க்கும்போது, அந்த வரிசையில் அங்கங்கே மஞ்சள் அட்டைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் அவர் எதுவரை வந்திருந்தார் என்று சொன்னது. கடைசி அட்டை கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் அவற்றை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

உங்களுக்குச் சில நடைமுறை விஷயம். பாதியில் நின்ற பி.ஏ.வின் மதிப்பெண் பட்டியல்கள் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். தேறிய தாள்கள் இப்போது செல்லுமா, புதிதாகத்தான் சேர வேண்டுமா என்பதைச் சேர்க்கை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இடையில் நிற்கிற தரகர்களிடம் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். வீட்டில் கேட்கிற 'எதுக்கு' என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டியதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஒரு மூலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதற்கும் ஒரே பல்கலைக்கழகம். இன்று சில மாவட்டங்களுக்கு மட்டும் சுருங்கிவிட்டது. நிதி நெருக்கடி என்று செய்தி வேறு. வருத்தமாக இல்லையா?
– வழக்கறிஞர், மதுரை

இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும் ஐயா.

சுருங்கியதில் எனக்கு வருத்தமே கிடையாது. 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரா, 1929இல் அண்ணாமலை, 1937இல் திருவிதாங்கூர், 1966இல் உங்கள் மதுரை, 1982இல் பாரதியாரும் பாரதிதாசனும். ஒவ்வொன்றும் தாய்வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போன பிள்ளை. ஒரு சர்டிபிகேட்டில் பெயர் திருத்த மதுரையிலிருந்து ராத்திரி ரயில் ஏறி வந்து, சேப்பாக்கத்துக் கவுன்ட்டரில் நின்ற காலம் போனது நல்லதுதானே.

நிதி விஷயம் அப்படி இல்லை. அது எனக்குத் தூக்கம் வராத கவலை. பணம் இல்லை என்றால் முதலில் நிற்பது ஆய்விதழ்களின் சந்தா. அடுத்து, காலியான ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும். ஒரு துறையில் ஆறு பேர் நடத்தியதை இரண்டு பேர் நடத்துவார்கள். கட்டடத்துக்கு வெள்ளையடித்துவிடலாம். ஆனால் ஒரு ஆசிரியரிடமிருந்து அடுத்தவருக்குப் போகிற கைப்பழக்கம் ஒரு தலைமுறை அறுந்தால், மறுபடி முடிச்சுப் போட ஆள் இருக்க மாட்டார்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அரசின் பணத்தில்தான் நடக்க வேண்டும். ஏழைப் பிள்ளை கட்டுகிற கட்டணத்தில் அல்ல. 70,000 பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டது அதைத்தான் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் வழக்கறிஞர், மனு எழுதத் தெரிந்தவர். எழுதுங்கள் ஐயா.

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு சென்னை வருகிறோம். பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பார்க்க முடியுமா?
– வாசகர், சேலம்

வெளியிலிருந்து தாராளமாகப் பார்க்கலாம். உள்ளே போக அனுமதி வேண்டும். முன்கூட்டியே பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

ராபர்ட் சிஷோம் வடிவமைத்து, 1874இல் தொடங்கி 1879இல் முடித்த கட்டடம். நாலு மூலையிலும் கோபுரம், உள்ளே பெரிய மண்டபம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் சில மாதங்கள் இங்கேதான் கூடியது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

காலை ஆறரை மணிக்கு முன் காமராஜர் சாலைக்கு வந்துவிடுங்கள். போக்குவரத்து தொடங்கியிருக்காது. சாலையின் மணல் பக்கமாக, கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். சூரியன் உங்கள் பின்னால் எழும்பும். வெளிச்சம் முதலில் கோபுரக் குவிமாடங்களின் உச்சியில் விழும், பிறகு மெல்லக் கீழே இறங்கும். செங்கல் சிவப்பு முழுவதும் ஏறப் பத்து நிமிடம் ஆகும். பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள்.